சர்க்கரையை நிறுத்தினார், சர்க்கரை ஏறியது: ஒரு நிகழ்வு ஆய்வு

அறைக்குள் வந்து உட்காருவதற்கு முன்பே அந்த அம்மா கையிலிருந்த பையை என் மேசைமேல் கவிழ்த்தார். மூன்று பிஸ்கெட் பாக்கெட், ஒரு தேன் பாட்டில், ஒரு பழச்சாறுப் பெட்டி, ஒரு சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டி மாத்திரை டப்பா ஒன்று. “வீட்ல சக்கரை டப்பாவே கிடையாது மேடம். ஆறு மாசமா ஒரு துளி சக்கரை இவர் வாயில படல. அப்புறம் எப்படி சுகர் ஏறும்?” என்றார். அவருடைய கணவர் எதுவும் பேசவில்லை. தப்பு செய்யாமல் தண்டனை வாங்கியவர் போல உட்கார்ந்திருந்தார்.

உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் இந்த ஒரு வீட்டில், சர்க்கரைக்கு மாற்று தேடுபவர்கள் விழக்கூடிய பள்ளங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒன்றாக இருந்தன. அதனால்தான் முழுதாக எழுதுகிறேன். அவர்கள் இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரத்தச் சர்க்கரை அளவுகள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.

வந்தபோது இருந்த நிலை

கணவருக்கு வயது 57, எடை 78 கிலோ. இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஒன்பது ஆண்டுகள். காலையும் மாலையும் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், காலையில், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமெபிரைடு 2 மில்லிகிராம். சிறுநீரகம், கண், இதயம் மூன்றிலும் அதுவரை பாதிப்பு இல்லை. இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில், ஆறு மாதத்துக்கு முன் 7.6 சதவீதம் இருந்தது. அப்போது மருத்துவர் “இனிப்பைக் குறைங்க” என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போனதும் சர்க்கரை மொத்தமாக நின்றது. இப்போது எச்பிஏ1சி 8.3. இதைச் சராசரி ரத்தச் சர்க்கரையாக மாற்றினால் 171லிருந்து 191க்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். வெறும் வயிற்றில் 148, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 236. எடையும் இரண்டு கிலோ கூடியிருந்தது.

வேறு இரண்டு புகார்களும் இருந்தன. வயிறு உப்புசம், அடிக்கடி இளக்கமாகப் போவது. அது மெட்ஃபார்மினால்தான் என்று அவராகவே முடிவு செய்து, மாலை மாத்திரையைச் சில வாரங்களாக விட்டுவிட்டார். இதை மனைவியிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. நான் மூன்றாவது முறை கேட்டபோதுதான் வெளியே வந்தது. இரண்டாவது புகார், ஒரு மதியம் கைநடுங்கி வியர்த்துக் கொட்டியது. அதைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் மிகவும் ஆபத்தான நிமிடங்கள் அவைதான்.

நோயின் பெயர் செய்த குழப்பம்

நம் மொழியில் தேநீரில் போடுவதும் சர்க்கரை, ரத்தத்தில் ஓடுவதும் சர்க்கரை, நோயின் பெயரும் சர்க்கரை. “எனக்கு சுகர் இருக்கு” என்று சொல்லும்போதே காரணமும் தீர்வும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. டப்பாவை எடுத்து வெளியே வைத்தால் நோயும் வெளியே போய்விடும் என்று அந்த அம்மா நம்பியது அறியாமை என்று நான் நினைக்கவில்லை. மொழியே அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

ரத்தத்தில் ஏறுவது குளுக்கோஸ். சமையலறைச் சர்க்கரையின் மூலக்கூறில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். கோதுமை மாவிலோ உருளைக்கிழங்கிலோ இருக்கும் மாவுச்சத்து முழுக்க முழுக்கக் குளுக்கோஸ் சங்கிலிதான். நாக்கு அதை இனிப்பு என்று அறிவதில்லை, குடல் அறியும். 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். அதன்படி குளுக்கோஸை 100 என்று வைத்தால் சர்க்கரை 65 அளவில் வருகிறது, வெள்ளை ரொட்டி 75 அளவில். இனிக்காத ரொட்டி, இனிக்கும் சர்க்கரையைவிட மேலே நிற்கிறது. இதைச் சொன்னதும் கணவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்து, “அப்ப நாக்கை நம்பக் கூடாதா?” என்று கேட்டார். இந்த ஒரு விஷயத்தில் நம்பக் கூடாது.

ஒரு நாளின் கணக்கு

பேனாவை எடுத்து அவருடைய ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். சர்க்கரையை நிறுத்துவதற்கு முன் தினமும் மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன். டீஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் நாளுக்கு 24 கிராம். நின்றது இவ்வளவுதான்.

புதிதாக வந்தவை: காலையில் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன், “இயற்கையானது” என்பதால். அதில் கார்போஹைட்ரேட், அதாவது சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்த கணக்கு, சுமார் 17 கிராம். பதினொரு மணிக்கு ஒரு பெரிய டம்ளர், 250 மில்லிலிட்டர், “சர்க்கரை சேர்க்காத” பழச்சாறு. அதில் பழத்தின் சர்க்கரையே ஏறக்குறைய 26 கிராம். டீயோடு காலை நான்கு, மாலை நான்கு என எட்டு “சுகர் ஃப்ரீ” பிஸ்கெட். பாக்கெட்டின் பின்பக்கக் கணக்குப்படி ஒன்றுக்கு 7 கிராம் வீதம் 56 கிராம். கூட்டினால் 99.

24 கிராம் போனது, 99 கிராம் வந்தது. அந்த அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து, தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்.

கணவர் முன்பு பயத்தில் பிஸ்கெட் பக்கமே போகாதவர் என்பதையும் சொல்ல வேண்டும். ‘சுகர் ஃப்ரீ’ என்ற இரண்டு சொற்கள்தான் அவருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தன. பையிலிருந்து கொட்டிய பொருட்களில் உண்மையிலேயே சாதுவானது அந்த இனிப்பூட்டி மாத்திரை டப்பா மட்டும்தான். வீட்டில் எல்லோரும் பயந்தது அதைப் பார்த்துத்தான்!

பாக்கெட் சொல்வது, சொல்லாமல் விடுவது

உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வழிகாட்டுதலில், 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் ‘சர்க்கரை இல்லாதது’ என்று அச்சிடலாம். இங்கே எண்ணப்படுவது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற சிறிய சர்க்கரைகள். மாவுச்சத்து அந்தக் கணக்கில் வராது. மால்ட்டிட்டால், சார்பிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் வராது. (பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இதற்கும் மதுவுக்கும் சம்பந்தமில்லை. போதை வருமா என்று அவரும் கேட்டார்.) ஆக, பிஸ்கெட் தயாரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. முன்பக்கம் கேட்ட கேள்வி வேறு, அவருக்குத் தேவைப்பட்ட பதில் வேறு. பதில் பின்பக்கம் ‘மொத்தக் கார்போஹைட்ரேட்’ என்ற வரியில் இருந்தது.

அந்த பிஸ்கெட்டில் இனிப்புக்குப் போட்டிருந்தது மால்ட்டிட்டால். சர்க்கரையில் ஏறக்குறைய 90 சதவீத இனிப்பு, மொறுமொறுப்பும் தரும், அதனால் தயாரிப்பாளர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது முழுக்கச் சும்மா போவதில்லை. கிராமுக்கு 2.1 கலோரி, கிளைசெமிக் குறியீடு 35 அளவில். குடலில் உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது, வாயு வருகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. உப்புசமும் இளக்கமும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிந்திருக்கும். அதே மால்ட்டிட்டால் சாக்லேட்டிலும் இருந்தது. பாக்கெட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மிகையாக உண்டால் பேதியாகலாம்’ என்று இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் இவர் ஒன்பது ஆண்டுகளாக அதைச் சாப்பிட்டு வந்தவர், தொந்தரவு வந்தது பிஸ்கெட் வந்த பிறகு. இந்தக் கால வரிசையை யாரும் கேட்டிருக்கவில்லை. மாலை மாத்திரையை மறுபடி தொடங்குவது பற்றி மருத்துவரிடம் அன்றே பேசச் சொன்னேன். பிஸ்கெட்டும் சாக்லேட்டும் நின்ற ஐந்தாறு நாளில் வயிறு அடங்கியது, மாத்திரை தொடர்ந்தது.

அந்த மதியம்

நடந்தது இது. காலை கிளிமெபிரைடு போட்டாயிற்று, மதியச் சாப்பாடு மூன்று மணிவரை தள்ளிப் போயிற்று. கை நடுங்கியது, வியர்த்தது, பேச்சு குழறியது. குளுக்கோமீட்டரில் 58. அந்த அம்மா ஓடிப் போய் டீ போட்டுக் கொடுத்தார். வழக்கம்போல இனிப்பூட்டி மாத்திரை போட்டு. நன்றாக இனித்தது, அவரும் குடித்தார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 55. பயந்துபோய் இன்னொரு டீ. பக்கத்து வீட்டுப் பெண் வந்து பழச்சாற்றை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஏறியது.

இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. 70க்குக் கீழே போகும்போது உடலுக்குத் தேவை குளுக்கோஸ், உடனே. இனிப்பூட்டி நாக்கை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். ‘டயட்’ குளிர்பானமும் அப்படித்தான். ‘சுகர் ஃப்ரீ’ மிட்டாயும் அப்படித்தான். சாக்லேட்டில் உண்மையான சர்க்கரை இருந்தாலும் கொழுப்பு அதை மெதுவாக்கிவிடும். 15 கிராம் வேகமான சர்க்கரை கொடுக்க வேண்டும்: மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கலக்கி, அல்லது 150 மில்லிலிட்டர் சாதாரணப் பழச்சாறு. பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும், ஏறியதும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மருத்துவ உதவிக்கு ஓட வேண்டிய நேரம். அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சமையலறைச் சர்க்கரை சீக்கிரம் உடையாது, அவர்களுக்குக் குளுக்கோஸாகவே தர வேண்டும்.

இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் இருக்கும் வீட்டில் சர்க்கரை டப்பா இருந்தே ஆக வேண்டும். நான் அவர்கள் வீட்டுக்கு முதலில் எழுதிக் கொடுத்தது இதைத்தான். அந்த அம்மா நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார்.

இந்தச் சம்பவத்தை மருத்துவருக்கும் எழுதி அனுப்பினேன். அவர் கிளிமெபிரைடைப் பாதியாகக் குறைத்தார்.

பத்து நாள் சோதனை

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், மீட்டரைக் கேளுங்கள் என்றேன். ஒரு பொருளைத் தனியாகச் சாப்பிடுவது, அதற்கு முன் ஒரு அளவு, முதல் வாய் வைத்ததிலிருந்து கணக்கிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு அளவு. தேன் போன்ற திரவங்களுக்கு ஒரு மணி நேரத்தில், ஏனென்றால் அவை சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். வீட்டு மீட்டரில் உண்மை அளவிலிருந்து 15 சதவீதம்வரை முன்பின் இருக்கலாம். அதனால் பத்து பதினைந்து எண் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், ஒவ்வொன்றையும் இரண்டு நாள் பாருங்கள் என்றும் சொன்னேன்.

மாத்திரை போட்ட டீ, பிஸ்கெட் இல்லாமல்: 140லிருந்து 146. பெரும்பாலும் அதில் இருந்த பால்தான். அதே டீயோடு நான்கு ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கெட்: 142லிருந்து 201. தேன் வெந்நீர்: 138லிருந்து 186. பழச்சாறு: 135லிருந்து 192. அதே பழத்தை முழுதாக ஒன்று கடித்துச் சாப்பிட்டபோது 136லிருந்து 161. அந்த நோட்டு இன்னும் அவர்கள் சமையலறையில்தான் தொங்குகிறது. தேனைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த 186 செய்ததைச் செய்திருக்க முடியாது. தேனின் கிளைசெமிக் குறியீடு சராசரியாக 60க்குப் பக்கத்தில், சர்க்கரைக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான். பழுப்புச் சர்க்கரையும் பேரீச்சம்பழப் பாகும் இதே குடும்பம்.

சமையலறையில் சர்க்கரை செய்யும் வேலை

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த அம்மா வார இறுதியில் கேக் செய்பவர், நன்றாகவும் செய்வார். ஆறு மாதத்தில் அவருக்கு வந்த கேக்குகள் எல்லாம் தோல்வி. “கேக்கு எழும்பவே மாட்டேங்குது மேடம், வெளிறிப் போய் கல்லு மாதிரி இருக்கு. இனிக்கவும் இல்ல” என்றார். என்ன போட்டீர்கள் என்றால், டீக்குப் போடும் அதே மாத்திரையைப் பொடித்துப் போட்டிருக்கிறார். அது அஸ்பார்டேம். சர்க்கரையைவிட ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பு, ஆனால் அடுப்பின் நீண்ட சூட்டில் உடைந்து இனிப்பை இழந்துவிடும். இறக்கி ஆறிய பிறகு கலப்பதற்கு மட்டுமே அது லாயக்கு. சூடு தாங்க வேண்டுமென்றால் சுக்ரலோஸ் (சுமார் 600 மடங்கு), ஸ்டீவியா (200 முதல் 300 மடங்கு), சாக்கரின் போன்றவை இருக்கின்றன. ஸ்டீவியா கொஞ்சம் கூடினாலும் அடிநாக்கில் கசக்கும்.

ஆனால் இனிப்பு போனது சின்னப் பிரச்சினை. கேக்கில் சர்க்கரைக்கு இனிப்பைத் தவிர வேறு வேலைகள் இருக்கின்றன. வெண்ணெயோடு அடிக்கும்போது அதன் கூர்மையான துகள்கள் கொழுப்புக்குள் காற்றைச் சிறைபிடிக்கின்றன, கேக் எழும்புவதற்கான முதல் குமிழிகள் அவைதான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு ஈரப்பதம் காக்கிறது. மாவுச்சத்து இறுகுவதையும் முட்டையின் புரதம் கெட்டிப்படுவதையும் தாமதப்படுத்தி, உள்ளே எழும்ப நேரம் கொடுக்கிறது. மேலே பொன்னிறம் கொடுக்கிறது. 200 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு ஒரு கிராம் மாத்திரைப் பொடியைப் போட்டால் இந்த 199 கிராமின் வேலையை யார் பார்ப்பது? ஐஸ்கிரீமில் உறைநிலையைக் குறைத்து மிருதுவாக்குவதும் சர்க்கரை, ஜாமைக் கெடாமல் வைப்பதும் சர்க்கரைதான். சர்க்கரை குறைத்த ஜாமைச் சின்னச் சின்னப் பாட்டிலில் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு வாரத்தில் முடிக்க வேண்டும், அதைப் பழைய ஜாம்போல அலமாரியில் வைக்கக் கூடாது.

அடுத்து எரித்ரிட்டால் வாங்கினார். சர்க்கரை ஆல்கஹால்தான், ஆனால் மால்ட்டிட்டாலிலிருந்து மிகவும் வேறுபட்டது. பெரும்பகுதி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு, உடைபடாமல் சிறுநீரில் போய்விடும். ரத்தச் சர்க்கரையை ஏற்றாது, வயிற்றையும் குறைவாகவே கலக்கும். கன அளவும் இருப்பதால் கேக் எழும்பும். இனிப்பு சர்க்கரையில் 60, 70 சதவீதம். ஆனால் அது சூட்டில் பொன்னிறமாக மாறாது, ஆறியதும் மறுபடி மணல்மணலாகப் படிகமாகும், வாயில் புதினா போட்டதுபோல ஒரு குளிர்ச்சி. முழுக்க எரித்ரிட்டாலில் செய்த கேக்கைப் பேரப்பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லையாம்.

நான் கேட்டேன்: சர்க்கரை பூஜ்யமாக வேண்டும் என்று யார் சொன்னது? உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவருடைய பழைய செய்முறை மாவு 200 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 200, முட்டை நான்கு, பன்னிரண்டு துண்டு. மாவில் கார்போஹைட்ரேட் 150 கிராம், சர்க்கரையில் 200, மொத்தம் 350. துண்டுக்கு 29. சர்க்கரையை முழுக்க எடுத்தாலும் மாவின் 150 அப்படியே நிற்கிறது, துண்டுக்குப் பன்னிரண்டரை.

இப்போது மாற்றியது: மாவு 100, பாதாம் பொடி 100, எரித்ரிட்டால் 100, உண்மையான சர்க்கரை 60. மாவில் 75, பாதாமில் நார்ச்சத்தைக் கழித்தால் சுமார் 10, சர்க்கரையில் 60. மொத்தம் 145, துண்டுக்குப் பன்னிரண்டு. அறுபது கிராம் சர்க்கரை போட்ட கேக், சர்க்கரையே போடாத கேக்கைவிட ஒரு நூல் கீழே வந்து நிற்கிறது. அந்த அறுபது கிராம் நிறத்தையும் ஈரத்தையும் திருப்பிக் கொடுத்தது, எரித்ரிட்டாலின் குளிர்ச்சியையும் மூடியது. எரித்ரிட்டாலை மிக்சியில் நைசாகப் பொடித்துவிட்டு அடிக்கச் சொன்னேன். பாதாம் சீக்கிரம் கருகும் என்பதால் அடுப்பில் 10 டிகிரி குறைத்தார். அரை டீஸ்பூன் பட்டைத்தூள், தாராளமாக வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. இவை மூன்றும் இருக்கும் இனிப்பைக் கூட்டிக் காட்டும். பாதாமாலும் வெண்ணெயாலும் கலோரி ஒன்றும் குறையவில்லை, அதையும் சொல்லித்தான் அனுப்பினேன். ஒரு துண்டு, வாரம் ஒரு நாள்.

பாலில் செய்யும் கஸ்டர்ட் போன்றவற்றுக்கு வழி எளிது. கன அளவு தேவையில்லாததால் அடுப்பை அணைத்த பிறகு மாத்திரையைக் கரைத்தால் போதும். 250 மில்லிலிட்டர் பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 12 கிராம் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சூடாகச் சாப்பிடும்போது அளவான இனிப்பு, குளிர வைத்தால் குறைவாகத் தெரியும். ஆறிய பிறகு ருசி பார்த்துச் சேர்ப்பதுதான் சரி.

டீ விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம். அங்கே மாற்றுவதைவிடக் குறைப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன். இரண்டு மாத்திரை, மூன்று வாரம் கழித்து ஒன்றரை, பிறகு ஒன்று. நாக்கு மெதுவாகப் பழகிவிடும். அவருக்கு இரண்டரை மாதம் பிடித்தது. “ஆப்பிள் இவ்வளவு இனிக்கும்னு தெரியாது” என்று ஒரு நாள் அழைத்துச் சொன்னார்.

“கேன்சர் வருமாமே?”

அவர்களுடைய மகள் கேட்ட கேள்வி இது. தட்டிக்கழிக்கக் கூடிய கேள்வியல்ல. 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை ‘2பி’, அதாவது ‘ஒருவேளை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் வைத்தது. சான்று குறைவு என்பதையும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பிரிவு ஒரு பொருளால் ஆபத்து சாத்தியமா என்று பார்க்கிறது, எவ்வளவு சாப்பிட்டால் என்று பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியைப் பார்க்கும் ஜெக்ஃபா என்ற நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 78 கிலோ எடைக்கு அது 3,120 மில்லிகிராம். மாத்திரை ஒன்றில் சுமார் 20 மில்லிகிராம் என்றால் 150 மாத்திரைக்கு மேல். அவர் போடுவது நாளுக்கு ஆறு. பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா என்ற குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

மகளுக்கு இதெல்லாம் ‘புதுக் கெமிக்கல்’. சாக்கரின் 1879இல் கண்டுபிடிக்கப்பட்டது, இன்சுலினுக்கே நாற்பது ஆண்டு மூத்தது என்றபோது ஆச்சரியப்பட்டாள். பழையது என்பதால் மட்டும் நல்லது என்று நான் சொல்லவில்லை, பயத்துக்கு அளவு வேண்டும் என்றுதான் சொன்னேன். அதே 2023 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையிலிருந்து விலக்கியும் வைத்தது. பலர் முதல் பாதியை மட்டும் பகிர்கிறார்கள்.

எரித்ரிட்டால் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். ரத்தத்தில் அது அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. நம் உடலே எரித்ரிட்டாலைச் சிறிதளவு உற்பத்தி செய்கிறது, அதனால் எது காரணம் எது விளைவு என்பது அந்த ஆய்விலிருந்து முடிவாகவில்லை. ஆனாலும் நீரிழிவு உள்ளவருக்கு இதய ஆபத்து ஏற்கெனவே கூடுதல். வார இறுதிக் கேக்கோடு அதை நிறுத்திவிட்டு, தினசரி உபயோகத்துக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து

எச்பிஏ1சி 7.4. வெறும் வயிற்றில் 126, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 172. கூடிய இரண்டு கிலோ இறங்கியது. உப்புசம் இல்லை. தாழ்சர்க்கரை மறுபடி வரவில்லை.

இதில் பிஸ்கெட்டை நிறுத்தியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. விட்டுப்போன மாலை மெட்ஃபார்மின் திரும்ப வந்தது, அதுவும் பெரிய பங்கு செய்திருக்கும். சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம் நடக்கவும் ஆரம்பித்திருந்தார். ஒரே ஒரு மனிதரின் கதை இது. ஆனால் கிளிமெபிரைடைப் பாதியாகக் குறைத்த பிறகும் அளவு இறங்கியிருக்கிறது என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். தேனை அவர் முழுக்க விடவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அரை டீஸ்பூன், அது அவர் அம்மா கொடுத்த பழக்கம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

கடைசியாக வந்தபோது நோட்டைக் கொண்டுவந்திருந்தார்கள். புதிய கேக், ஒரு துண்டு: 131லிருந்து 162. இரண்டாவது வாரம் இரண்டு துண்டு: 129லிருந்து 188. பக்கத்தில் அந்த அம்மாவின் கையெழுத்தில் “ஒன்னு போதும்” என்று இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். சர்க்கரை டப்பா அடுப்புக்கு மேல் தட்டில், பழைய இடத்திலேயே இருக்கிறதாம்.